மூன் கால்ட் மறுவாசிப்பு: மெர்சி தாம்ப்சன் ஏன் இன்னும் அலுக்கவில்லை? (ஸ்பாய்லர் உண்டு)

பழைய பக்கம் (இழையைத் தொடங்கியவர்):

பாட்ரிசியா பிரிக்ஸ் எழுதிய 'மூன் கால்ட்' நாவலை மறுபடி எடுத்துப் படித்து முடித்தேன். 2006இல் வந்தது, மெர்சி தாம்ப்சன் தொடரின் முதல் புத்தகம். கதை பலருக்கும் தெரிந்திருக்கும் என்பதால் முடிவு உட்பட எல்லாவற்றையும் வெளிப்படையாகவே பேசுகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

முதல் தடவை படித்தபோது அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஓடிவிட்டேன். மேக் என்ற பசியோடு வந்த பையனைக் கொன்று மெர்சியின் வீட்டு வாசலில் போட்டது யார், உள்ளூர் ஓநாய் மனிதர் கூட்டத்தின் தலைவன் ஆடமின் மகள் ஜெஸ்ஸியைக் கடத்தியது யார், அவ்வளவுதான் மனதில் இருந்தது. இப்போது வில்லன் யார் என்று முன்பே தெரியும், அதனால் கண் முழுக்க மெர்சி மேல்தான். உண்மையைச் சொன்னால் அந்த மர்மக்கதை கொஞ்சம் தொளதொளதான். வில்லன் ஜெர்ரி வாலஸின் திட்டத்தை முடிவில் விளக்கிச் சொல்லும்போது அதற்கு இத்தனை பேர், இத்தனை துப்பாக்கி, இத்தனை மருந்துப் பரிசோதனை எல்லாம் தேவையா என்றுதான் தோன்றியது. ஆனால் அது என்னைத் துளியும் தொந்தரவு செய்யவில்லை.

காரணம் மெர்சி. பொதுவாக இவளைத் 'துணிச்சலான நாயகி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். துணிச்சல் இந்த வகை நாவல்களில் எல்லா நாயகிக்கும் உண்டு, தோல் ஜாக்கெட் போல அதுவும் சீருடையில் ஒரு பகுதி. மெர்சியிடம் இருப்பது வேறு: அவள் கவனிக்கிறாள். அவள் மாறும் உருவம் கொயோட்டி, அதாவது ஓநாயைப் போன்ற, ஆனால் பத்துப் பதினைந்து கிலோதான் எடையுள்ள விலங்கு. அவளைச் சுற்றி இருப்பவர்களோ நூறு கிலோவைத் தாண்டும் ஓநாய் மனிதர்கள். அவர்களிடையே வளர்ந்தவள் என்பதால் யார் கண்ணை நேராகப் பார்க்கலாம், யாரிடம் எப்போது பார்வையைத் தாழ்த்த வேண்டும், அறைக்குள் யார் யாருக்கு வழிவிடுகிறார்கள், யாருடைய வியர்வையில் பயம் வாடை அடிக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். பலவீனமானவர்களுக்குத்தான் இந்தப் பழக்கம் வரும். பலசாலிக்கு எதையும் கவனிக்க வேண்டிய அவசியமே இல்லையே.

ஆடம் படுகாயம் பட்டுக் கிடக்கும் இடத்தைப் பாருங்கள். வேறு நாயகியாக இருந்தால் பழிவாங்கக் கிளம்பியிருப்பாள். இவள் என்ன யோசிக்கிறாள்? அடிபட்டுக் கிடக்கும் ஆல்ஃபாவுக்கு (கூட்டத் தலைவனுக்கு) மிகப்பெரிய ஆபத்து அவனுடைய கூட்டமே, உள்ளுக்குள் துரோகி இருந்தாலும் இருக்கலாம், ஆகவே இங்கே வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்து, வேனில் ஏற்றி, மான்டானாவில் இருக்கும் ஓநாய்களின் பெருந்தலைவன் பிரானிடம் இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போகிறாள். சண்டையே இல்லாத பகுதி. ஆனால் எனக்கு அதுதான் நாவலின் உச்சம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எண்ணெய்க் கறை:

அப்படியே ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், அவளுடைய வேலை. இந்த வகைக் கதைகளில் நாயகிக்குத் துப்பறியும் வேலையோ பேய் பிடிக்கும் வேலையோ இருக்கும், அப்போது சிக்கல் தானாகவே கதவைத் தட்டும். மெர்சி ஃபோக்ஸ்வாகன் கார்களைப் பழுதுபார்க்கிற மெக்கானிக். வரலாற்றில் பட்டம் வாங்கியவள், அதை வைத்து வேலை கிடைக்காமல் ஸீயிடம் மெக்கானிக்காகச் சேர்ந்து, அப்புறம் அந்தக் கடையையே அவரிடமிருந்து வாங்கியவள். ஸீ ஒரு ஃபே, ஐரோப்பியத் தொல்கதைகளில் வரும் மாயப் பிறவி. மற்ற ஃபேக்களுக்கு இரும்பு ஆகாது, இவருக்கு மட்டும் உலோகம் சொன்னபடி கேட்கும். ரத்தக்காட்டேரி ஸ்டெஃபான் அவளிடம் கொண்டுவரும் வேன் 'ஸ்கூபி டூ' கார்ட்டூனில் வரும் வேன் மாதிரி வண்ணம் பூசியது. யாரோடு யாருக்குத் தொடர்பு என்று பார்த்தால் எல்லாமே அந்த ஒர்க்‌ஷாப் வழியாகத்தான் போகிறது. மறுவாசிப்பில்தான் இந்த ஏற்பாடு எவ்வளவு கச்சிதம் என்று தெரிந்தது. ஒருவருக்கொருவர் முகத்தில் முழிக்காத மூன்று கூட்டத்துக்கும் ஒரே மெக்கானிக்!

அப்புறம் அந்த உடைந்த ராபிட் கார். பின்வீட்டுக்காரன் ஆடம் அதிகாரம் செய்யும்போதெல்லாம் அவள் பழைய ஃபோக்ஸ்வாகன் ராபிட் ஒன்றை அவன் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்படி வயலில் நிறுத்தி வைத்து வெறுப்பேற்றுவாள், ரொம்பவும் எரிச்சல் வந்தால் சக்கரத்தைக் கழற்றிவிடுவாள். ஒழுங்கைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒருவனை எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து குத்துகிறாள். அவனை அடித்து ஜெயிக்க முடியாது என்று தெரியும், ஆகவே அவன் கண்ணை உறுத்தும் இடத்தில் துரு பிடிக்க விடுகிறாள். நீங்கள் சொல்லும் 'கவனிக்கிறாள்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கறார் வாசிப்பு:

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

பெண்கள் எங்கே? மெர்சிக்கு நெருக்கமானவர்கள் பட்டியலைப் பாருங்கள்: ஆடம், சாமுவேல், பிரான், ஸீ, ஸ்டெஃபான், வாரன், கைல். எல்லோரும் ஆண்கள். அவள் எதிரே வரும் பெண்கள் என்றால் பிரானின் மனைவி லியா, அவளுக்கு மெர்சியைக் கண்டாலே ஆகாது. எலிசவேட்டா என்ற சூனியக்காரி, அவள் காசுக்காக வேலை செய்பவள். அப்புறம் பதின்வயது ஜெஸ்ஸி, அவளைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். சரிசமமான ஒரு தோழி இந்த முதல் புத்தகத்தில் கிடையாது. 'இவள் மற்றப் பெண்களைப் போல இல்லை' என்ற பழைய பாட்டுதான் இது, காரில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது, அந்த ஆண்கள். ஓநாய் என்ற சாக்கில் எல்லா அத்துமீறலும் செல்லுபடியாகிவிடுகிறது. இந்தத் தொடரில் ஆடம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைத் தன் துணை என்று தன் கூட்டத்தின் முன் அறிவித்தவன். காரணம் சொல்கிறார்கள், சரி, கொயோட்டியை யாரும் கொன்றுவிடக் கூடாதாம். ஆனால் அந்தக் காரணத்தை அவளிடமே முதலில் சொல்லியிருக்கலாமே? இன்று இதையெல்லாம் படித்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

பழைய பக்கம்:

தோழி இல்லை என்பதில் வாதாட ஒன்றும் இல்லை, முழுக்க உண்மை. கதைக்குள் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: ஓநாய்க் கூட்டங்களில் பெண்கள் குறைவு, இருப்பவர்களின் தகுதியும் கணவனின் தகுதியை வைத்துத்தான் தீர்மானமாகிறது. ஆனால் அந்த விதியை எழுதியவரும் பிரிக்ஸ்தானே! அவரே வேலி போட்டுவிட்டு, வேலி இருக்கிறதே என்ன செய்ய என்று சொல்ல முடியாது.

ஆடம் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இந்த அத்துமீறலை நாவல் ரசிக்கச் சொல்லவில்லை. அவன் கட்டளை போடும்போதெல்லாம் அவள் உடலுக்குள் கீழ்ப்படியும் இழுப்பு வருவதையும், அதை அவள் எரிச்சலோடு கவனிப்பதையும் பிரிக்ஸ் எழுதிவிடுகிறார். அவளே கதை சொல்கிறாள் என்பது இங்கே முக்கியம். ஆடமின் கோணத்தில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

இரவு வண்டி:

எனக்கு மறுவாசிப்பில் தலைகீழாக மாறியது சாமுவேல்தான், ஆடம் இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பின்னணி: மெர்சியின் அப்பா ஜோ ஓல்ட் கொயோட்டி, பிளாக்ஃபீட் என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர், ரோடியோ போட்டிகளில் காளைச் சவாரி செய்பவர், அவள் பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறார். தொட்டிலில் குழந்தைக்குப் பதிலாகக் கொயோட்டிக் குட்டி கிடப்பதைப் பார்த்த அம்மா, என்ன செய்வதென்று தெரியாமல் வட அமெரிக்க ஓநாய்களுக்கெல்லாம் தலைவனான பிரானின் கூட்டத்தில் அவளை விடுகிறாள். அங்கே பிரையன் என்பவரும் அவர் மனைவி எவலினும் வளர்க்கிறார்கள். எவலின் இறந்ததும் பிரையனும் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அப்போது மெர்சி இன்னும் சிறுமி. பதினாறு வயதில் பிரானின் மகன் சாமுவேல், பல நூற்றாண்டு வயதுள்ளவன், இவளை அழைத்துக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் பார்க்கிறான். பிரான் தடுத்து, ஏன் என்று அவளிடம் உடைத்துச் சொல்கிறான்: ஓநாய்ப் பெண்களுக்குக் குழந்தை தங்காது, நிலா இழுக்கும்போது உடல் மாறுகிற வன்மையில் கரு கலைந்துவிடும், மனிதப் பெண்கள் சுமந்தாலும் பெரும்பாலும் கலைந்துவிடும், மெர்சிக்கோ நிலாவின் கட்டாயம் இல்லை, வலியும் இல்லை, நினைத்த நொடியில் மாறுவாள். ஆகவே அவள் சாமுவேலுக்குக் காதலி அல்ல, உயிரோடு பிறக்கும் குழந்தைகளுக்கான வாய்ப்பு.

முதல் வாசிப்பில் இதை ஒரு சோகமான பழைய காதலாகத்தான் எடுத்துக்கொண்டேன், சாமுவேல் மேல் பரிதாபம்கூட வந்தது, அத்தனை குழந்தைகளைப் பறிகொடுத்தவன் என்று. இப்போது படித்தால் குடல் புரட்டுகிறது. பதினாறு வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்கு ஒருவன் குறிவைத்திருக்கிறான், அவனுடைய அப்பா தடுக்கிறான், சரி, ஆனால் விளைவு என்ன? ஊரை விட்டு, வளர்ந்த காட்டை விட்டு அனுப்பப்பட்டது யார்? அவள்தான். போர்ட்லண்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு. சாமுவேல் அல்ல.

இதையெல்லாம் தெரிந்த பிறகு நாவலில் மெர்சி சொல்லும் ஒவ்வொரு நக்கலும் வேறு மாதிரி கேட்கிறது. தன் கடை, தன் ட்ரெய்லர் வீடு, தன் பூனை என்று அவள் பிடித்துக்கொண்டிருப்பது ஏதோ குணவிசேஷம் இல்லை, இரண்டு தடவை வீட்டை இழந்தவள் மூன்றாவது தடவை யாரையும் நம்பித் தன் கூரையை வைக்க மாட்டேன் என்கிறாள். அப்படிப்பட்டவள் வீட்டில் நாவல் முடிவில் சாமுவேலே வந்து குடியேறுவதுதான் எனக்கு ஜீரணிக்கவில்லை. மன்னிப்பு கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லையா?

எண்ணெய்க் கறை:

தோன்றியது. ஆனால் அவள் மன்னித்தாள் என்றே நான் படிக்கவில்லை. அவனுக்குப் போக்கிடம் இல்லை, உள்ளே இருக்கும் ஓநாய் தடுமாறுகிறது என்று மோப்பத்திலேயே அவளுக்குத் தெரிகிறது. காதலனாக வராதே, வேண்டுமானால் வாடகைக்காரனாக இருந்துகொள் என்பது போலத்தான் அந்த இடம் இருக்கிறது. அதிகாரம் இப்போது அவள் கையில். பதினாறு வயதில் இல்லாதது.

கறார் வாசிப்பு:

அதிகாரம் கையில் இருக்கிறது, ஆனால் இரண்டு ஆண்கள் அவளுக்காக உறுமிக்கொள்ளும் காட்சிகள் புத்தகத்துக்குப் புத்தகம் வருகின்றனவே. இரவு வண்டி சொன்னது ரொம்பச் சரி, என் வாதத்துக்கு நான் கொடுத்த உதாரணத்தைவிட அதுதான் வலுவானது.

நதிக்கரை:

நான் வேறு ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மெர்சி தன்னை 'வாக்கர்' என்கிறாள். அந்தப் பெயர் நவஹோ என்ற இன்னொரு பழங்குடி மக்களின் 'ஸ்கின்வாக்கர்' நம்பிக்கையிலிருந்து வந்தது, ஆனால் அவர்கள் விலங்குத் தோல் போர்த்திக்கொள்ளும் தீய சூனியக்காரர்கள், நான் அது இல்லை என்று அவளே விளக்குகிறாள். அதாவது பிரிக்ஸுக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்துமா அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் என் கேள்வி. நவஹோ நிலம் தென்மேற்கில், பிளாக்ஃபீட் நிலம் வடக்கே மான்டானாவில், இரண்டும் வேறு மொழி, வேறு மரபு. அதோடு ஸ்கின்வாக்கர் பற்றி வெளியாட்களிடம் பேசுவதையே நவஹோ மக்கள் பலர் விரும்புவதில்லை.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். மெர்சிக்கே தன் அப்பாவின் மரபு தெரியாது, வெள்ளைக்கார அம்மாவுக்கும் வேல்ஸிலிருந்து வந்த ஓநாய்களுக்கும் இடையில் வளர்ந்தவள். அவளுடைய அறியாமை கதையின் ஒரு பகுதி. 2011இல் வந்த 'ரிவர் மார்க்ட்' புத்தகத்தில்தான் அப்பாவின் பக்கம் திறக்கிறது, கொயோட்டி என்ற தொல்கதைப் பாத்திரமே நேரில் வருகிறார். அங்கே போய்விட்டுத் திரும்பி 'மூன் கால்ட்' படித்தால், அப்பாவைப் பற்றி அவள் சொல்லும் இரண்டு மூன்று வாக்கியங்கள் திடீரென்று கனமாகிவிடுகின்றன. எழுதும்போதே பிரிக்ஸ் அதை மனதில் வைத்திருந்தாரோ இல்லையோ, மறுவாசிப்பில் அது வேலை செய்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த ரத்தக்காட்டேரிகள் வாக்கர்களை வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள் என்ற பின்கதையும் அப்படித்தான், வந்தேறிகளின் வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கிறது, ஆனால் யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை.

மூன்றாம் வரிசை:

அட்டைப்படத்தை யாரும் சொல்லவில்லையே! டேனியல் டாஸ் சாண்டோஸ் வரைந்தது, கை முழுக்கப் பச்சை குத்தியிருக்கும். கதையில் மெர்சிக்கு இருப்பது ஒரே ஒரு பச்சை, தொப்புளுக்குக் கீழே கொயோட்டிப் பாதம். அது ஓநாய்ப் பாதம் என்று நினைப்பவர்களிடம் அவள் எரிந்து விழுவாள். அட்டையைப் பார்த்து 'இது நமக்கு ஆகாது' என்று நான் ஒதுக்கி வைத்த புத்தகம் இது, எண்ணெய் படிந்த கையோடு இருக்கும் பெண்ணை வரைந்திருந்தால் அன்றே படித்திருப்பேன். ஆனால் படம் அழகுதான், அதையும் சொல்ல வேண்டும்.

இரவு வண்டி:

ஊரைப் பற்றியும் யாராவது பேசுங்கள். அர்பன் ஃபேண்டஸி (நகரத்தில் நடக்கும் மாயக் கதை) என்றால் மழை, இருட்டுச் சந்து, உயரக் கட்டடம் என்று ஒரு பழகிப்போன படம் இருக்கிறது. இந்தக் கதை நடப்பது வாஷிங்டன் மாநிலத்தின் ட்ரை சிட்டீஸில்: கென்னவிக், பாஸ்கோ, ரிச்லண்ட். கொலம்பியா, ஸ்னேக், யாக்கிமா என்று மூன்று ஆறுகள் சேரும் இடம், ஆனாலும் சுற்றிலும் வறண்ட புதர் நிலம். பக்கத்திலேயே ஹான்ஃபோர்ட், நாகசாகியில் விழுந்த அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த வளாகம். இப்படி ஓர் ஊரில் ஓநாய்க் கூட்டத் தலைவன் பாதுகாப்பு நிறுவனம் நடத்துகிறான், அவனுடைய அடுத்த நிலையில் இருக்கும் டாரில் முனைவர் பட்டம் வாங்கியவன் என்றால் சட்டென்று நம்ப முடிகிறது. ரகசியத்தோடு வாழ்ந்து பழகிய ஊர்.

பழைய பக்கம்:

அருமை. ரகசியம் என்றதும் ஒன்று. ஃபேக்கள் ஏற்கெனவே உலகுக்குத் தங்களை வெளிப்படுத்திவிட்டார்கள், அதன் விலையாக வல்லா வல்லா பக்கம் ஒதுக்கிடத்துக்குள் பலர் போய்விட்டார்கள். ஓநாய்கள் இன்னும் ஒளிந்திருக்கிறார்கள், ஆனால் தடயவியல் வளர்ந்த காலத்தில் இனி அது நடக்காது என்று பிரான் கணக்குப் போடுகிறான். இந்த இழுபறியின் சின்ன வடிவம்தான் வாரனும் கைலும். வாரன் தன்பாலீர்ப்பு கொண்ட ஓநாய் மனிதன், கூட்டத்தில் அதற்காகவே ஒதுக்கப்படுபவன். கைல் விவாகரத்து வழக்கறிஞர், வாரன் ஓநாய் என்று தெரியாது. ஒரு பக்கம் ஒரு ரகசியம் வெளியே, மறுபக்கம் இன்னொன்று உள்ளே. முதல் வாசிப்பில் இதைத் துணைக்கதை என்று தாண்டிப் போனேன், இப்போது நாவலில் மிக நன்றாக எழுதப்பட்ட உறவு அதுதான் என்று படுகிறது.

போனஸாக ஒன்று: பிரானுக்கு 'மாரக்' என்று பட்டம். மாலரி எழுதிய ஆர்தர் மன்னன் கதையில் மனைவியின் துரோகத்தால் ஏழு வருடம் ஓநாயாக அலைந்த சர் மாரக் என்ற வீரன் உண்டு, அங்கிருந்து வந்தது.

புது வரவு:

ஸ்பாய்லர் எல்லாம் படித்துவிட்டேன், பரவாயில்லை. இப்போது படிக்க ஆசை வந்துவிட்டது. தொடர் முழுக்கப் போகலாமா, முதல் புத்தகத்தோடு நிறுத்தலாமா?

கறார் வாசிப்பு:

திட்டினாலும் நான் தொடர் முழுக்கப் படித்தவன், அதனால் சொல்கிறேன். இரண்டாவது 'பிளட் பவுண்ட்' 2007இல் வந்தது, ஸ்டெஃபானுக்காகவே படிக்கலாம். மூன்றாவது 'அயர்ன் கிஸ்ட்' 2008. அதில் மெர்சிக்கு எதிரான பாலியல் வன்முறை இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். நான் தெரியாமல் போய் அதிர்ந்தேன். பிரிக்ஸ் அதை மலிவாக எழுதவில்லை, அதன் பாதிப்பு நான்காவது 'போன் கிராஸ்ட்' முழுக்க நீள்கிறது, அவள் மறுநாளே எழுந்து சண்டைக்குப் போவதில்லை. ஆனாலும் அந்தத் தேர்வு தேவையா என்று வாசகர்களிடையே இன்னும் சண்டை ஓடுகிறது, நான் 'தேவையில்லை' கட்சி.

நதிக்கரை:

நான் 'தெரியவில்லை' கட்சி. பின்விளைவை இவ்வளவு பொறுமையாக எழுதிய புத்தகம் இந்த வகையில் குறைவு என்பதால்.

மூன்றாம் வரிசை:

ஒலிப்புத்தகம் கேட்பவர்களுக்கு: லோரலை கிங் வாசித்தது. ஸீயின் ஜெர்மன் உச்சரிப்புக்காகவே கேட்கலாம்.

எண்ணெய்க் கறை:

பழைய பக்கத்துக்கு ஒரு கேள்வி. மேக்கைப் பற்றி நீங்கள் முதல் பத்தியோடு விட்டுவிட்டீர்கள். எனக்கு மறுவாசிப்பில் அவன்தான் தாங்க முடியாமல் போனது. வேலை கேட்டு வருகிறான், இவள் கொடுக்கிறாள், ஆடமிடம் கொண்டு சேர்க்கிறாள், இனி பாதுகாப்பு என்று நாமும் மூச்சு விடுகிறோம், விடிவதற்குள் பிணமாக வாசலில் கிடக்கிறான். அப்புறம் வெள்ளி, டிஎம்எஸ்ஓ, கெட்டமைன் மூன்றையும் கலந்த ஊசியால் செத்தான் என்று சாமுவேல் கண்டுபிடிக்கிறான், அத்தோடு அவன் ஒரு துப்பு ஆகிவிடுகிறான். வெள்ளி விஷம், கெட்டமைன் மயக்கம், டிஎம்எஸ்ஓ இரண்டையும் உடம்புக்குள் கொண்டுபோகும் வண்டி, வேதியியல் கச்சிதம்தான். ஆனால் அந்தப் பையனுக்காகக் கடைசியில் அழுவது யார்?

பழைய பக்கம்:

மெர்சி மறக்கவில்லை என்பேன், ஆனால் நாவல் மறந்துவிடுகிறது, அது உண்மை. அவனுக்கான பதில் வேறு இடத்தில் இருக்கிறது. 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா' என்ற குறுநாவலைப் படித்தீர்களா? 2007இல் 'ஆன் தி ப்ரௌல்' தொகுப்பில் வந்தது, 'மூன் கால்ட்' முடிந்த கொஞ்ச காலத்தில் நடக்கும் கதை. பிரானின் இன்னொரு மகன் சார்ல்ஸ் சிகாகோவுக்குப் போகிறான், ஆலன் மெக்கென்சி ஃப்ரேசர் என்ற பையனை ஓநாயாக்கி விற்றது யார் என்று விசாரிக்க. அதுதான் மேக்கின் முழுப்பெயர். அங்கே அன்னா என்ற பெண் வருகிறாள், கூட்டத்தில் அடிமட்டத்தில் கிடந்து மிதிபட்டவள். மேக்கைப் பற்றிப் பத்திரிகையில் பார்த்துத் துணிந்து தொலைபேசியை எடுப்பவளே அவள்தான்.

எண்ணெய்க் கறை:

படித்ததில்லை. இன்றிரவே எடுக்கிறேன். அதற்கும் தனி இழை தொடங்குங்கள், அன்னாவுக்கும் மெர்சிக்கும் யார் பெரியவள் என்று கறார் வாசிப்பு சண்டைக்கு வருவார் பாருங்கள்.

கறார் வாசிப்பு:

அன்னாதான். தொடங்குங்கள், அங்கே பேசிக்கொள்கிறேன்.